தாலியோடு உள்ளே விடமாட்டார்கள்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னால் போய் நிற்கும், பின்னால் நடந்தது முந்திக்கொண்டு வரும். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அதற்குத்தான் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கம் இல்லாதவள் தாளில் பேசுகிறேன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் ஊருக்கு வெளியே, மகன் முருகேசன் வீட்டில். மருமகள் பெயர் வித்யா. பேத்தி தியா. என் மகள் மாரிச்செல்வி நம் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறாள், காரியாபட்டியில் வாக்கப்பட்டு. கரண்டு எஞ்சினியருக்குப் படித்தவள். இந்த வாரம் தாய்க்கும் மகளுக்கும் ஒரே மாதிரியான சங்கடம் வந்தது. எனக்கு வந்தது சின்னது. அவளுக்கு வந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் என்னுடையது முதலில் நடந்ததால் அதை முதலில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை வித்யா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் லீவு, அதனால் தியாவும் வந்தாள். அந்த ஸ்கேன் இயந்திரம் முழுக்கக் காந்தமாம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். எனக்குப் புரிய வேண்டும் என்று அங்கே இருந்த நர்ஸ் போனில் ஒரு தமிழ் ஆளைப் பிடித்துக் கொடுத்தது. அந்த அம்மா இலங்கைக்காரர். "அம்மா, உங்கட உடம்பில தங்கம், இரும்பு ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். குரல் நன்றாக இருந்தது. எனக்குப் பேச்சு பாதிதான் பிடிபட்டது. தங்கத்துக்கு நான் எங்கே போவேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். நர்ஸ் என் மூக்கைக் காட்டியது.

மூக்குத்தி. அது என் மூக்கில் இருப்பதே எனக்கு நினைவில்லை.

திருகைக் கழற்றப் பார்த்தார்கள், வரவில்லை. சோப்புத் தண்ணீர் போட்டார்கள். வித்யா கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவினாள். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். "இது சமயக் காரணமோ எண்டு கேக்கினம் அம்மா" என்றார் போனில் இருந்தவர். "இல்ல தாயி, திருகு இறுகிப்போச்சு" என்றேன். நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்து, வேறு தேதி தபாலில் வரும், அதற்குள் கடையில் கொடுத்து வெட்டி எடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டது.

காரில் வரும்போது தியா இங்கிலீஷில் எதையோ கேட்டாள். அவள் என்னிடம் தமிழில் கேட்பதை விட்டு நாளாகிறது. வித்யாதான் சொன்னாள்: "கழட்ட முடியாத நகைய எதுக்குப் போட்டீங்கன்னு கேக்குறா அத்தை."

என்னத்தைச் சொல்ல? முருகேசன் அப்பா இறந்தபோது என் கழுத்தில் இருந்ததைக் கழற்றினார்கள், வளையலை உடைத்தார்கள். மூக்குத்திக்கும் கை வைத்தார்கள். அன்றைக்கும் அது திரும்பவில்லை. "விடுங்கடி, மூக்கப் பிச்சுராதீக" என்று யாரோ ஒரு பெரியவள் சொன்னதால் தப்பியது. இதைப் பிள்ளைக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

2

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். குக்கர் இருக்கிறது, எனக்கு வடித்த சோறுதான் சோறு. போன் அடித்தது. மாரி. இங்கே மதியம் என்றால் அங்கே காலை, அவள் வேலைக்குள் நுழைந்திருக்க வேண்டிய நேரம்.

"எம்மா, சாப்பிட்டீகளா?"

"இன்னும் இல்லத்தா. நீ வேலைக்குப் போகலையா?"

"போயிட்டேன். கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாக."

அவள் வேலை பார்க்கும் இடம் உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். திருச்சுழி போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி, முன்னே பருத்தியும் மல்லியும் போட்ட கரிசலில் இப்போது கண்ணாடித் தகடு நட்டு வைத்திருக்கிறார்கள். வெயிலில் கரண்டு எடுக்கிறார்கள். அந்தக் கரண்டு வந்து சேர்கிற இடத்தில் வேலி போட்டு, பெரிய பெரிய டிரான்ஸ்பார்மராக நிற்கும். யார்டு என்பார்கள். மாரி சேர்ந்து ஒரு மாசம் ஆகவில்லை. இதுவரை வகுப்பு எடுத்தார்கள், ஆபீசில் உட்கார வைத்தார்கள். அன்றுதான் யார்டுக்குள் முதல் நாள்.

யார்டு வாசலில் நிற்கிற சேப்டி ஆபீசர், "மேடம், கழுத்துல என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"தாலி சார்."

"கழட்டி வச்சிட்டு வாங்க."

"சட்டைக்குள்ள போட்டு டேப் ஒட்டிக்கிறேன் சார்."

"குனிஞ்சு எந்திரிச்சா வெளிய வரும். உள்ள லைவ் லைன் ஓடுது. என்னால விட முடியாது."

"அந்தாளுமேல தப்பில்லம்மா" என்றாள் மாரி. "ரூலு சரிதான். செயினு தொங்கி மேல பட்டுச்சுன்னா நான் கரிக்கட்டைதான். ஆம்பளைகளும்தான் கழட்டுறாக. மோதிரம், காப்பு, கழுத்துல கெடக்குற சங்கிலி, எல்லாத்தையும் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு உள்ள போயிட்டாக. அவுகளுக்கு அதோட முடிஞ்சுபோச்சு."

அவள் கரிக்கட்டை என்று சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. அடுத்து அவள் சொன்னதை அரைகுறையாகத்தான் கேட்டேன். மேனேஜர் என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் இவள் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்: "இதுக்குத்தான் நான் அப்பமே பொம்பளப் பிள்ளைக வேணாம்னேன். கல்யாணம் ஆகாதத எடுத்தா கல்யாணம்னு நின்னுருதுக. ஆனத எடுத்தா தாலிங்குதுக." பிறகு இவளிடம், "நீங்க ஆபீசுல உக்காந்து கம்ப்யூட்டரப் பாருங்கம்மா" என்றாராம், தயவாக.

"அதையே பாரேன்த்தா. நிழல்ல இருக்கலாம்" என்றேன்.

"எம்மா, கம்ப்யூட்டரப் பாக்குற ஆளுகள மூணு மாசத்துல அனுப்பிருவாக. யார்டுல நிக்கிறவுகதான் பெர்மனென்ட். வியாழக்கிழம ஒரு பக்கத்து லைன மட்டும் நிப்பாட்டிப் பெரிய வேலை இருக்கு. அன்னைக்கு உள்ள நிக்கிறவுக பேரத்தான் மேல எழுதுவாக. அன்னைக்கு நான் வெளிய நின்னா எம்பேரு இல்ல. எனக்குப் பிறகு எந்தப் பிள்ளை பேரும் இல்ல."

"மெட்டி?"

"அது எப்பவோ கழட்டியாச்சு. ஆம்பளை சைசு பூட்ஸு, முன்னாடி துணிய அடச்சுப் போட்டிருக்கேன். அதுக்குள்ள மெட்டியும் போட்டா விரலு வெந்துரும்."

"ஒங்க அத்தைக்குத் தெரியுமா?"

"கால யாரு பாக்குறா? கழுத்தத்தான் பாப்பாக."

உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

3

இந்தப் பிள்ளை எப்படிக் கரண்டு படிக்கப் போனாள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் கிராமம் பரளச்சிக்குப் பக்கம். மழை வந்தால் வெள்ளாமை, வராவிட்டால் கூலி. எங்கள் தெருவில் கரண்டு போனால் பீஸ் போடுகிற ஆள் வர ஒரு பொழுது ஆகும். அவர் வந்ததும் மாரி கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு டிரான்ஸ்பார்மருக்கு அடியில் போய் அண்ணாந்து நிற்பாள். பொட்டப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று நானே அதட்டி இழுத்து வந்திருக்கிறேன்.

அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது முருகேசன் அப்பா போய்விட்டார். நல்ல மார்க் வாங்கினாள். கவுன்சலிங்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் நல்ல காலேஜ் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். ஆனால் எங்கள் ஆட்கள் காலேஜ் பேரைப் பார்க்கவில்லை. எந்தக் காலேஜ் பஸ் நம் ரோட்டில் வருகிறது என்று பார்த்தார்கள். காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். அப்படித்தான் காலேஜ் முடிவானது. என்ன படிப்பு என்பதையாவது அவள் முடிவு செய்யட்டும் என்று முருகேசன் சொன்னான். அவள் எலக்ட்ரிக்கல் என்றாள்.

என் தம்பி வந்து சிரித்தான். "ஏத்தா, கரண்டு படிச்சுக் கம்பத்துல ஏறப் போறியாக்கும்? சேலை கட்டி ஏறுவியா, சுடிதார் போட்டு ஏறுவியா?"

"நீங்க மொதல்ல எறங்குங்க மாமா, நான் ஏறுறதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றாள். அவன் அப்போது முக்காலியில் உட்கார்ந்திருந்தான். நிஜமாகவே எழுந்துவிட்டான்.

என் கழுத்திலிருந்து கழற்றிய தாலித் தங்கத்தை விற்றுத்தான் அவளைச் சேர்த்தோம். "புருசன் தாலிய வித்துப் பொட்டைய கரண்டு படிக்க வைக்கிறா" என்று பேசினார்கள். பேசட்டும். என்னை உறுத்தியது அந்த முதல் வருஷம்தான். தமிழில் படித்த பிள்ளை. "வாத்தியார் சொல்றது காதுல விழுகுதும்மா, மண்டையில விழ மாட்டேங்குது" என்பாள். இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வாள். இங்கே ஆஸ்பத்திரித் தாளில் உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருஷம் ஞாபகம் வரும். அவளை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

படித்து முடித்ததும் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் ஆண்பிள்ளைகளை மெஷின் வேலைக்கும் பெண்பிள்ளைகளைக் கம்ப்யூட்டருக்கும் பிரித்தார்கள். இவள் மெஷின் வரிசையில் போய் நின்றாள். "நைட் ஷிப்ட் வருவியாம்மா? வீட்டுல விடுவாகளா?" என்று கேட்டார்களாம். பக்கத்தில் நின்ற பையனிடம் அதைக் கேட்கவில்லை. ஓசூரில் ஒரு வேலை கிடைத்தது. தனியாகப் பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று எங்கள் ஆட்களே மறித்தார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதினாள். கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு இந்தத் தகடு வேலை வந்தது. பக்கத்தில் இருக்கிறது, பகல் வேலை, அருப்புக்கோட்டையிலிருந்து கம்பெனி வேன் வருகிறது என்பதால்தான் மாமியார் வீட்டில் விட்டார்கள்.

எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டாள், அந்த வேலிவாசல் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

செவ்வாய்க்கிழமையும் அவள் வெளியேதான் நின்றாள். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பேசினாள். பஸ் சத்தம், பாட்டுச் சத்தம், அதற்குள் இவள் குரல்.

"எம்மா, ஒண்ணு கேக்கணும். நான் சின்னப் பிள்ளையா இருக்கையில ஒங்க கழுத்துல மஞ்சக் கெழங்குதான கெடந்துச்சு?"

எனக்குக் கை நின்றுவிட்டது. தியாவின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. டவுனில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாலி அடகுக்குப் போய்விட்டால் கழுத்து காலியாக இருக்கக் கூடாது. மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொள்வார்கள். சாமிக்கு அது தாலிதான். ஆனால் ஊருக்கு அது, இந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளம். மழை இல்லாத ஒரு வருஷம் போர் போட்டோம். புழுதிதான் வந்தது. என் தாலி போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் என் கழுத்தில் மஞ்சள்தான். களையெடுக்கப் போனால், "என்ன சீனியம்மா, எப்பத் திருப்பப் போற?" என்பார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். வெயிலில் எதற்கு இப்படிப் போர்த்தியிருக்கிறாய் என்று அதற்கும் சிரிப்பார்கள்.

முருகேசன் வேலைக்குப் போய்த்தான் அதைத் திருப்பினான். மாரிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவன் வெளிநாட்டில் இருந்தான். அதனால் சம்பந்தி வீட்டுக்காரர்கள் எங்களை எப்போதும் வசதியாக இருந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

"அது எதுக்குத்தா இப்ப?"

"மஞ்சளும் நூலும்தானம்மா. உலோகம் இல்ல. நான் சேப்டி ஆபீசர்கிட்டக் கேட்டுட்டேன். உலோகம் இல்லைன்னா எனக்கு ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு. வேலைக்குப் போறப்ப அதக் கட்டிக்கிட்டுப் போறேன். வீட்டுக்கு வந்து தங்கத்தப் போட்டுக்கிறேன்."

"வேண்டாம்த்தா. அது இல்லாதவுக கட்டுறது. ஒங்க அத்தை என்ன நெனப்பாக?"

"எனக்கும் இல்லைதானம்மா. வேலை இல்ல."

"நாங் கட்டியிருந்தேன்னு அங்க சொல்லிராத மாரி. ஒனக்குத்தான் கேவலம்."

"நான் சொல்லல" என்றாள். "ஆனா கட்டப் போறேன். ஒங்க மாப்பிள்ளைகிட்டச் சொன்னேன். அவுக, நீயும் எங்கம்மாவும் பேசிக்கிருங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டாக." பஸ் எங்கோ நின்றது. சத்தம் அறுந்தது.

5

புதன்கிழமை நான் சாயங்காலச் சமையலில் இருந்தேன். சம்பந்தியம்மா பாண்டியம்மாள் கூப்பிட்டார்கள். அவர்கள் என்னோடு போனில் பேசுவது தீபாவளி, பொங்கலுக்குத்தான். அவர்கள் பேசுவார்கள், நான் "சரி மதினி, சரி மதினி" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"நல்லா இருக்கீகளா மதினி?"

"இருக்கேன் மதினி. நீங்க?"

"எங்க நல்லா இருக்க விடுறா ஒங்க மக. காலையில மஞ்சக் கயித்தக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டுறா. தங்கத்தக் கழட்டிச் சாமிகிட்ட வச்சிர்றேன், இத நீங்களே கட்டிவிடுங்க அத்தைங்கிறா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வாசலத் தாண்டாதன்னுட்டேன். உள்ளதான் உக்காந்திருக்கா. ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"சரி மதினி" என்று வாய்க்குள் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"தெருவுல என்ன பேசுவாக? மருமக தாலிய அடகு வச்சு என் மகன் குடும்பம் நடத்துறான்னு பேச மாட்டாகளா? சரி, பேசுறவுக பேசட்டும். அவன் தெனமும் பைக்குல மதுரைக்குப் போயிட்டு வாரான். ரிங்ரோட்டுல என்ன லாரி, என்ன கூட்டம். அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. இவ பாட்டுக்குத் தாலியக் கழட்டிட்டுக் கரண்டுக்குள்ள போறேங்கிறா." குரல் உடைந்தது. அவர்கள் அழுது நான் கேட்டதில்லை. "நீங்க அனுபவப்பட்டவுக மதினி. கழுத்து காலியானா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களே ஒங்க மகளுக்குச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் வேலையே போதும்னு சொல்லுங்க."

வித்யா கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "சரி" என்றால் மாரி உள்ளேயே உட்கார்ந்துவிடுவாள். என் பேச்சை அவள் தட்ட மாட்டாள். சரி இல்லை என்றால் நாளைக்கு அவள் அந்தக் கம்பிகளுக்கு நடுவில் நிற்பாள். இரண்டும் எனக்குப் பயம்தான். இதில் தாலியைப் பற்றித் தாலி இழந்தவள் பேசக் கூடாது. நம் பக்கத்தில் எந்த வீட்டிலும் பேச விடமாட்டார்கள்.

"மதினி" என்றேன். "நான் இதப் பேசக் கூடாதவ. நீங்க கேட்டதால சொல்றேன்."

"சொல்லுங்க."

"மாரி சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் தாலி அடகுல இருந்துச்சு. ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்ல. பிள்ளைக வளந்து ஆளாகுற வரைக்கும். அம்புட்டு வருசமும் என் கழுத்துல வெறும் கெழங்கும் கயிறும்தான். அவரு அருப்புக்கோட்டையில பஞ்சு லோடு ஏத்துற வேலை. பொதி சரிஞ்சு ரெண்டு பேரு கால் போயிருக்கு. இவருக்கு ஒரு கீறல் இல்ல. தலைவலின்னு படுத்ததில்ல."

அதோடு நிறுத்தாமல் மிச்சத்தையும் சொன்னேன்.

"முருகேசன் சித்திரையில தாலியத் திருப்பிக் குடுத்தான். தங்கத்தக் கழுத்துல போட்டேன். ஆவணியில அவரு பொதி மேல உக்காந்தவரு எந்திரிக்கல."

இதை நான் எனக்குள் கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

"தங்கம் காப்பாத்துறதா இருந்தா அவரு இருந்திருக்கணும் மதினி. மஞ்சளு கெடுக்குறதா இருந்தா அவரு எப்பவோ போயிருக்கணும்."

போனில் அவர்கள் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "இத ஏன் மதினி கல்யாணத்துக்கு முன்ன சொல்லல?" என்றார்கள்.

"சொன்னா பொண்ணு எடுத்திருப்பீகளா?"

"எடுத்திருக்க மாட்டேன்" என்றார்கள், பட்டென்று. பிறகு, "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

வித்யா அடுப்பை அணைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். மகள் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று உட்கார்ந்திருந்தேன்.

6

இன்று வியாழக்கிழமை. மதியம், அங்கே காலையில் மாரி பேசிய குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. மூன்று தடவை கேட்டேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்மா, வேன்ல போய்க்கிட்டிருக்கேன். அத்தை விடியக்காலையில எழுப்பிக் குளிச்சிட்டு வரச் சொன்னாக. அரிசிப் பானைக்குள்ள இருந்து அவுகளே ஒரு கெழங்கு எடுத்தாக. நான் வாங்கின கயித்த வேணாம்னுட்டு, புதுசா நூல் திரிச்சு மஞ்சளக் கரைச்சு முக்கி, சொட்டச் சொட்டக் கட்டிவிட்டாக. தங்கம் சாமிகிட்ட இருக்கு. சாயங்காலம் வெளக்கேத்துறதுக்கு முன்ன வந்து மாத்திக்கிறணுமாம். லேட்டானா அடுப்படிக்கு வரக் கூடாதாம். இனிமே எனக்கு ரெண்டு டூட்டிம்மா. தெருவுல யாராச்சும் கேட்டா நேத்திக்கடன்னு சொல்லுன்னாக. எம்மா, நீங்க என்ன சொன்னீக அவுககிட்ட? கேட்டா, ஒங்கம்மா வாய்க்குள்ள இம்புட்டு வச்சிருந்திருக்காகன்னு மட்டும் சொல்றாக."

அதற்குப் பிறகு எழுத்தில் ஒரு செய்தி: உள்ள விட்டுட்டாங்க. போனை வெளிய வச்சிட்டுப் போகணும். சாயங்காலம் பேசுறேன்.

அதோடு நிற்கிறது. நான் இதை எழுதுகிற நேரம் அங்கே உச்சிப் பொழுதுக்கு இன்னும் இருக்கிறது. அவள் யார்டுக்குள் நிற்கிறாள். வித்யாவிடம் நாளைக்கு நகைக்கடைக்குப் போய் என் மூக்குத்தியை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். தியா துணைக்கு வருகிறேன் என்றாள், தமிழிலேயே. எதையாவது செய்துகொண்டிருந்தால் நேரம் போகும் என்றுதான் இதையும் எழுத உட்கார்ந்தேன்.

எழுதியதில் தப்பு இருக்கும். யார்டு, லைவ் லைன் எல்லாம் அவள் சொன்னதைக் காதால் கேட்டு எழுதியது. கரண்டு தெரிந்தவர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துக் கொடுங்கள். முக்கியமாக ஒன்றை மட்டும் சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள். சம்பந்தியம்மா கட்டிவிட்ட கயிறு புதுசு, சொட்டச் சொட்ட நனைத்தது. வேனில் போகிற நேரத்துக்குள் அது காய்ந்திருக்குமா? ஈர மஞ்சளில் கரண்டு பாயுமா, பாயாதா? மாரியிடமே கேட்கலாம். ஆனால் பாயும் என்றாலும் பாயாது என்றுதான் அவள் சொல்லுவாள்.